வரியும் விருந்தும்: எதியோப்பிய உணவு கூறும் வரலாறு

இலண்டனில் வாழும் தமையனார் வீட்டில் விடுமுறையிற் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, எதியோப்பிய உணவை முதன்முதலாக உண்ணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அது ஒரு சிறிய உணவகம். நடத்துபவர் நடுத்தர வயதுடைய ஓர் எதியோப்பியப் பெண்மணி. அங்கு மேசைக்குப் பதிலாகப் புல்லினால் இழைத்த, கூம்பு மூடியிட்ட, உயரமான பெட்டியொன்றை எங்கள் நடுவில் வைத்தார்கள். அதனை 'மெசோப்' என்பர். மூடியை அகற்றியதும் அகன்ற தட்டொன்று தெரிந்தது. அதன்மேற் சாம்பல் நிறமான, மேற்பரப்பெல்லாம் நுண்ணிய துளைகள் நிறைந்த மெல்லிய அப்பம் போன்றதொன்று விரிக்கப்பட்டிருந்தது. அதுவே 'இஞ்செரா'. அதன்மேல் ஆங்காங்கே கறிகள் குவிக்கப்பட்டிருந்தன. ஆளுக்கொரு கோப்பை இல்லை. முள்ளும் கரண்டியும் இல்லை. எல்லோரும் வலக்கையால் இஞ்செராவைக் கிள்ளி, கறியை அதனுள் அடக்கி உண்ணவேண்டும்.

தமையனாரின் மகள் அதன் நிறத்தைக் கண்டு தயங்கினாள். எனக்கோ முதற் கவளத்திலேயே பழகிய புளிப்பொன்று நாவில் தட்டியது. இரண்டு நாள் புளித்த மாவில் வார்த்த தோசையின் புளிப்பு அது. பருப்புக் கறியின் உறைப்பும் எங்கள் செத்தல் மிளகாயின் உறைப்புக்கு அந்நியமானதன்று. அன்று வெள்ளிக்கிழமை. எதியோப்பியத் திருச்சபையைச் சேர்ந்தோர் புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றை நீக்கி உண்பவர்களாதலால், தட்டில் இருந்தவை யாவும் பருப்பும் கடலைமாவும் கீரையுமே. வெள்ளிக்கிழமைதோறும் மரக்கறி உண்ணும் வழக்கமுடைய எங்களுக்கு அதுவும் அயலாகத் தோன்றவில்லை.

இஞ்செரா எத்தானியத்தால் ஆனது எனக் கேட்டேன். 'தெஃப்' என்றார் அப்பெண்மணி. பின்னர் ஒரு கணம் நின்று, தம் ஊரில் தம் தாய்தந்தையர் தெஃப் விளைவித்தார்கள் என்றும், விளைந்ததை விற்றுவிட்டு வீட்டில் இறுங்கு மாவில் இஞ்செரா சுட்டு உண்டார்கள் என்றும் கூறினார். குறைகூறும் தொனியில் அவர் அதைச் சொல்லவில்லை. ஊரில் மழை பெய்யும் மாதத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். ஆயினும் என் மனதில் அது தங்கிவிட்டது. தெஃப்பை விளைவித்தவன் ஏன் தெஃப்பை உண்ணவில்லை? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால் எதியோப்பிய நாட்டின் வரலாறு முழுவதையும் தொடவேண்டியிருக்கிறது.

தெஃப் புல்லினத்தைச் சேர்ந்த மிகச் சிறு தானியம். எங்கள் சாமையை அதனருகே வைத்தால் சாமை பருத்துத் தோன்றும். நிலத்தில் விழுந்தால் மீண்டும் கண்டெடுக்க முடியாது. 'தொலைந்தது' எனப் பொருள்படும் அம்ஹாரிக் சொல்லொன்றிலிருந்தே இப்பெயர் பிறந்தது என மக்கள் கூறுவது இதனாலேயே. எதியோப்பிய மேட்டுநிலத்து உழவர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கினர். இன்றும் அந்நாட்டில் மிகுந்த பரப்பிற் பயிரிடப்படும் தானியம் இதுவே. இவ்விடத்தில் நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எங்கள் வீடுகளிற் பிட்டாகவும் களியாகவும் உண்ணப்படும் குரக்கனும் கிழக்காபிரிக்க மேட்டுநிலங்களிற் பயிராக்கப்பட்டு, மிகப் பழங்காலத்திலேயே கடல் கடந்து எம்மை வந்தடைந்த தானியமாகும். பெயரறியாத ஆபிரிக்க உழவர்களுக்கு நாம் பட்டுள்ள கடன் இது.

இஞ்செரா ஆக்குவது எளிய வேலையன்று. தெஃப்பை மாவாக்கி, நீரிற் கரைத்து, முன்னைய மாவின்மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை உறையாக ஊற்றி, இரண்டு மூன்று நாட்கள் புளிக்கவிடுவர். புளித்த மாவில் ஒரு பகுதியைக் காய்ச்சி மீண்டும் அதனுடன் சேர்ப்பர். பின்னர் 'மித்தாத்' எனப்படும் அகன்ற மண்தட்டை அடுப்பிலேற்றி, வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருளாக மாவை ஊற்றி, மூடிச் சுடுவர். மேற்பரப்பில் எழும் துளைகளைக் 'கண்கள்' என்பர். கண் நிறைந்த இஞ்செராவே நல்ல இஞ்செரா. தானியத்தைக் கல்லில் அரைப்பதும், விறகு சுமப்பதும், புகையினுள் நின்று சுடுவதும் பெண்களின் பணியாகவே இருந்துவந்தன. பிரபுக்களின் மாளிகைகளில் அரைக்கும் கல்லின் முன் முழந்தாளிட்டவர்களிற் பலர் அடிமைப் பெண்கள். அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1942 ஆம் ஆண்டிலேயே.

எதியோப்பிய சமுதாயத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு சொல் பெரிதும் உதவும். அம்ஹாரிக் மொழியிற் 'கிபிர்' என்ற சொல்லுக்கு வரி என்பதும் பொருள், விருந்து என்பதும் பொருள். வரி செலுத்தும் குடியானவன் 'கெபார்'. தமிழில் 'இறை' என்னும் சொல் அரசனையும் அவன் கொள்ளும் வரியையும் ஒருங்கே குறிப்பதை இலக்கியம் கற்றோர் அறிவர். அம்ஹாரிக் மொழி இன்னும் ஒருபடி மேலே சென்று, குடியானவன் கொடுத்ததையும் அரசன் படைத்ததையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. குடியானவனின் களத்திலிருந்து தானியமும் தேனும் நெய்யும் எருதும் வரியாக அரண்மனைக்குச் செல்லும்; அங்கே அவை விருந்தாக மாறும். அவ்விருந்தில் முதலில் அரசன், பின் பிரபுக்களும் குருமாரும், அதன்பின் படையினர் எனத் தகுதி வரிசைப்படி அமர்ந்துண்பர். எஞ்சியது ஏழைகளுக்கு வழங்கப்படும். அரசனின் ஈகையைப் புலவர் பாடுவர். ஈந்த பொருள் யாருடையது என்ற கேள்வி அப்பாடல்களில் எழுவதில்லை.

இதற்கு வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 1887 ஆம் ஆண்டில், அப்பொழுது ஷேவாவின் அரசனாயிருந்த மெனெலிக்கின் மனைவி தைத்து, என்டோட்டோ மலையிற் புதிதாகக் கட்டப்பட்ட மரியாள் தேவாலயத்தின் திறப்பை ஒட்டிப் பெருவிருந்தொன்றை நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் பல நாட்கள் உண்டனர். எதியோப்பியாவின் 'தேசிய உணவு' என இன்று நாம் அறிவது உருப்பெற்ற தருணங்களுள் இவ்விருந்தும் ஒன்று என, ஆபிரிக்க உணவின் வரலாற்றை 2009 இல் நூலாக எழுதிய ஜேம்ஸ் மக்கான் கருதுகிறார். பல்வேறு நிலப்பகுதிகளின் தானியங்களும் கறிகளும் ஒரே பந்தியில் ஒரே அதிகாரத்தின்கீழ் ஒன்றுகூடிய காட்சி அது.

அவ்விருந்து நடந்த மறு ஆண்டே நாட்டைப் பஞ்சம் சூழ்ந்தது. செங்கடற் கரையிலிருந்த மஸாவா துறைமுகத்தைக் கைப்பற்றியிருந்த இத்தாலியப் படையினர் தம் தேவைக்காக மாடுகளை இறக்குமதி செய்தனர். இந்தியாவிலிருந்து வந்த அம்மாடுகளுடன் கால்நடைக் கொள்ளைநோய் உள்ளே புகுந்தது என்பது வரலாற்றாசிரியர் பொதுவாக ஏற்கும் கருத்து. நாட்டின் மாடுகளிற் பெரும்பகுதி மாண்டது. ஏர் பூட்ட எருதில்லை, மழையும் பொய்த்தது, வெட்டுக்கிளியும் வந்தது. 1888 முதல் 1892 வரை நீடித்த இக்காலத்தை மக்கள் 'கொடிய நாட்கள்' என இன்றும் நினைவுகூர்கின்றனர். மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்பது பலரும் எடுத்துக்கூறும் மதிப்பீடு. எருதில்லாத நிலத்தை மெனெலிக் தாமே மண்வெட்டி பிடித்துக் கொத்திக் குடிகளுக்கு முன்மாதிரி காட்டினார் என்பர். அச்செயலின் நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் களஞ்சியங்களை நிரப்பிய வரி முறையை மாற்றும் எண்ணம் அவருக்கோ அவர் பிரபுக்களுக்கோ தோன்றவில்லை.

மாறாக, அம்முறை தெற்கே பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெனெலிக்கின் படைகள் ஓரோமோ, சிடாமா, வொலைட்டா முதலிய மக்களின் நிலங்களை வென்றன. வென்ற படைவீரருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் குடியானவர்கள் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டனர். தானியம் அளப்பதும், விறகு கொணர்வதும், வேலி கட்டுவதும், மா அரைப்பதும் அவர்களது கடமைகளாயின. தெற்கிற் பல பகுதிகளில் மக்களின் உணவு இஞ்செரா அன்று. வாழையை ஒத்த 'என்செத்' என்னும் செடியின் கிழங்கையும் தண்டையும் சுரண்டி, நிலத்திற் புதைத்துப் புளிக்கவைத்து ஆக்கும் 'கொச்சோ' ஆகும். மழை பொய்த்தாலும் எளிதில் மடியாத செடி அது. ஆயினும் வெளிநாடுகளில் எதியோப்பிய உணவெனப் பரிமாறப்படுவது பெரும்பாலும் வடக்கு மேட்டுநிலத்தின் உணவே. அரசாண்டோரின் உணவு நாட்டின் உணவெனப் பெயர்பெறுவது எங்கும் நிகழ்வதே.

மேற்கூறியவை பழங்கதையென எண்ணுவோர்க்கு 1970-களின் நிகழ்ச்சிகள் தக்க விடை தரும். ஹைலி செலாஸி பேரரசர் 1936 இல் முசோலினியின் படையெடுப்பை எதிர்த்துச் சர்வதேச சங்கத்தில் முழங்கியவர். ஏகாதிபத்தியத்துக்கு எதிரான உலக மக்களின் மதிப்பைப் பெற்றவர். அவரது ஆட்சியில் வடகிழக்கு மாகாணமான வொல்லோவை 1972-73 இற் பஞ்சம் பீடித்தது. 1972 டிசம்பரிலேயே ஏறத்தாழ ஆயிரம் பேர் உணவு தேடித் தலைநகரான அடிஸ் அபாபாவின் எல்லையை வந்தடைந்தனர். வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பசித்தோர் வாகனங்களை மறித்து உணவு கேட்டனர். அரசாங்கமோ பஞ்சத்தை மறைத்தது. மாண்டோர் தொகை 40,000 என்றும் 200,000 வரை என்றும் ஆய்வாளர்கள் வேறுபட மதிப்பிடுகின்றனர்.

இப்பஞ்சத்தை 1981 இல் வெளியான தமது நூலில் ஆராய்ந்த அமர்த்தியா சென், நெஞ்சை உறுத்தும் முடிவொன்றை முன்வைத்தார். அவ்வாண்டில் நாட்டின் மொத்த உணவு உற்பத்தி குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்துவிடவில்லை. வொல்லோவின் தலைநகரான டெஸீயில் தானிய விலைகூடப் பெரிதாக ஏறவில்லை. வொல்லோவிலிருந்து தானியம் வெளியே கொண்டுசெல்லப்பட்டமைக்கும் சான்றுகள் இருந்தன. அஃதாவது, உணவு இருந்தது. அதை வாங்கும் வகை உழவனிடம் இருக்கவில்லை. தன் வயலின் விளைவே அவனது உணவும் வருமானமும் ஆதலால், விளைவு பொய்த்தபோது இரண்டையும் ஒருங்கே இழந்தான். அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அஃபார் மக்களின் கோடைகால மேய்ச்சல் நிலங்களைப் பருத்தி, கரும்புப் பெருந்தோட்டங்கள் முன்னரே விழுங்கியிருந்தன. வரட்சி வந்தபோது அவர்களின் மந்தைகளுக்குப் போக்கிடம் இருக்கவில்லை.

மறைக்கப்பட்ட பஞ்சத்தை வெளிக்கொணர்ந்ததில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரும் பங்குண்டு. 1965 ஆம் ஆண்டிலேயே அடிஸ் அபாபாப் பல்கலைக்கழக மாணவர் 'நிலம் உழுபவனுக்கே' என்ற முழக்கத்துடன் வீதியில் இறங்கியிருந்தனர். 1973 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் வொல்லோவுக்கு நேரிற் சென்று, கண்டவற்றைப் புகைப்படமாக்கி வந்து பல்கலைக்கழகத்திற் காட்சிக்கு வைத்தனர். 1974 பெப்ரவரியில் ஆசிரியர் வேலைநிறுத்தம் செய்தனர். பெற்றோல் விலையேற்றத்தை எதிர்த்து வாடகைக் கார்ச் சாரதிகளும் அதே நாளில் வேலைநிறுத்தத்திற் குதித்தனர்.

அதற்கு ஒரு மாதம் முன்னர் தென்கோடியிலுள்ள நெகெலே என்னும் ஊரின் படைமுகாமில் நிகழ்ந்ததொன்று நமது பொருளோடு நேரே தொடர்புடையது. அங்கே போர்வீரரின் உணவு உண்ணத்தக்கதாயிருக்கவில்லை. அவர்களது கிணற்று நீரிறைக்கும் பொறி பழுதாகி, குடிநீரும் கெட்டிருந்தது. அதிகாரிகளோ தமது கிணற்றைப் பயன்படுத்த அவர்களை அனுமதிக்கவில்லை. வீரர்கள் கிளர்ந்தனர். விசாரிக்கப் பேரரசர் அனுப்பிய தளபதியைத் தடுத்துவைத்து, தாம் உண்ட உணவையே உண்ணவும் தாம் குடித்த நீரையே குடிக்கவும் செய்தனர். அவர் நோயுற்றார். ஆளும் வர்க்கத்தைச் சேர்ந்த ஒருவர், தாம் ஆண்டவர்களின் உணவை முதன்முதலாகச் சுவைத்த நாள் அது. எதியோப்பியப் புரட்சியின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் பலர் அந்நாளையே குறிப்பர்.

அதே ஆண்டு செப்டெம்பர் 11 ஆம் நாள் இரவு எதியோப்பியத் தொலைக்காட்சி, வொல்லோப் பஞ்சம்பற்றி ஆங்கிலேயப் பத்திரிகையாளர் ஜொனதன் டிம்பிள்பி எடுத்த படத்தைக் காட்டியது. எலும்புக்கூடாகிய குழந்தைகளின் காட்சிகளுக்கிடையே அரண்மனை விருந்துக் காட்சிகளும் கோக்கப்பட்டிருந்தன. 'கிபிர்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் ஒரே திரையில் மக்கள் முன் நின்றன. மறுநாட் காலை பேரரசர் பதவியிறக்கப்பட்டு, ஒரு சிறிய வொல்க்ஸ்வாகன் காரில் ஏற்றிச் செல்லப்பட்டார்.

இக்கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் நமக்கு மனநிறைவு உண்டாகும். ஆனால் உண்மையை விரும்புவோர் இங்கே நிறுத்துதல் தகாது. ஆட்சியைக் கைப்பற்றிய 'தெர்க்' என்னும் இராணுவக் குழு, 1975 மார்ச்சில் நாட்டுப்புற நிலம் யாவற்றையும் பொதுவுடைமையாக்கிக் குத்தகை முறையை ஒழித்தது. நூற்றாண்டுக் கணக்கான சுமையொன்று ஒரே ஆணையால் இறங்கியது. அதன் சிறப்பை எவரும் மறுக்கவியலாது. ஏறத்தாழ 60,000 மாணவரும் ஆசிரியரும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டு, உழவர்க்கு எழுத்தறிவித்தும் சங்கங்கள் அமைத்தும் பணிபுரிந்தனர். ஆனால் மக்களாட்சி வேண்டுமென்று அம்மாணவரும் ஆசிரியரும் கேட்டபோது, 1977-78 இன் 'செம்பயங்கரத்தில்' அவர்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பிரபுவின் இடத்துக்கு அரசாங்கத்தின் தானியக் கூட்டுத்தாபனம் வந்தது. ஒவ்வொரு உழவர் சங்கமும் குறித்த அளவு தானியத்தைச் சந்தை விலையிலும் குறைந்த விலைக்குக் கட்டாயமாக அளக்க வேண்டியதாயிற்று. நகரத்தையும் படையையும் ஊட்டுவதே அதன் நோக்கம். உழவனைப் பொறுத்தவரை கொள்வோன் பெயர் மாறியது, கொடுப்பது தொடர்ந்தது.

1984 செப்டெம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவும் தொழிலாளர் கட்சியின் தொடக்கமும் அடிஸ் அபாபாவிற் பெருஞ்செலவிற் கொண்டாடப்பட்டன. வளைவுகள் எழுந்தன, அணிவகுப்புகள் நடந்தன. அதே வேளையில் வொல்லோவிலும் திக்ரேயிலும் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். விழா முடியும்வரை அச்செய்தி அமுக்கப்பட்டது. 1983 முதல் 1985 வரை மாண்டோர் தொகை 400,000 முதல் பத்து இலட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது. வரட்சி மட்டுமே அதற்குக் காரணமன்று. கிளர்ச்சிப் பகுதிகளுக்குத் தானியம் செல்வதைத் தடுத்த போர்முறையும் காரணம். 2020 முதல் 2022 வரை திக்ரேயில் நடந்த போரிலும் பசி மீண்டும் ஆயுதமானது.

முற்போக்குக் கொள்கையில் நம்பிக்கையுடைய நாம் 1973 இன் விருந்தைக் கண்டிக்கும் அதே குரலில் 1984 இன் விருந்தையும் கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளோம். கொடியின் நிறத்தைப் பார்த்துப் பசியை அளப்பது உழைக்கும் மக்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

இனி அந்த இலண்டன் உணவகத்துக்குத் திரும்புவோம். வாஷிங்டனிலும் இலண்டனிலும் எதியோப்பிய உணவகங்கள் பெருகியது 1974 க்குப் பின்னரே. கொலைக்கும் போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பிவந்தவர்கள், தம் கையறிந்த தொழிலாகச் சமையலைக் கொண்டனர். 1983 க்குப் பின் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இடியப்பமும் தோசையும் விற்கும் கடைகள் எவ்வாறு எழுந்தன என்பதை அறிந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. இன்று மேலைநாட்டார் இரு கடைகளிலும் 'புதிய சுவை' தேடுகின்றனர். அச்சுவை எந்த வழியாக அங்கு வந்தது என்பதை உணவுப்பட்டியல் கூறுவதில்லை.

தெஃப்பின் கதையும் முடிந்துவிடவில்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இதில் இல்லாமையால், மேலைநாடுகளில் இதற்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. தெஃப் மாவைப் பதப்படுத்தும் முறைக்கும் அதனாலான பண்டங்களுக்கும் 2007 இல் ஒரு டச்சு நிறுவனம் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றது. பல்லாயிரம் ஆண்டுகளாக எதியோப்பியப் பெண்கள் செய்துவந்ததில் தான் கண்டுபிடித்த புதுமை உண்டென அது உரிமை கோரியது. 2018 இல் ஹேக் நீதிமன்றம் அவ்வுரிமை நெதர்லாந்திற் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. உள்நாட்டு விலை ஏறிவிடும் என்ற அச்சத்தால் எதியோப்பிய அரசாங்கம் 2006 இல் தெஃப் தானியத்தின் ஏற்றுமதியைத் தடைசெய்து, பின்னரே ஓரளவு தளர்த்தியது. இவ்வளவுக்குப் பின்னும், ஏனைய தானியங்களிலும் தெஃப்புக்கு விலை அதிகம். ஆதலால், அதை விளைவிக்கும் உழவர் பலர் நகரத்துக்கு அதை விற்று, இறுங்கையும் சோளத்தையும் வீட்டுக்கு வைத்துக்கொள்கின்றனர். அப்பெண்மணி கூறியது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று.

உணவின் முடிவில் தமையனாரின் மகளிடம் வந்த அவர், இஞ்செராவில் ஒரு கவளம் உருட்டித் தம் கையாலேயே அவள் வாயில் ஊட்டினார். இதனைக் 'குர்ஷா' என்பர். அன்புடையோர் ஒருவருக்கொருவர் ஊட்டும் வழக்கம். முதலில் தயங்கிய சிறுமி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அரண்மனைகளின் 'கிபிர்' ஒருபுறமிருக்க, மக்களிடையே இவ்வழக்கமும் இத்தனை நூற்றாண்டுகளாக வாழ்ந்தே வந்திருக்கிறது. மேலிருந்து கீழே எறிந்த எச்சத்தில் அது பிறக்கவில்லை. ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்தவர்களிடையே பிறந்தது. விளைவித்தவனும் அத்தட்டைச் சுற்றி அமரும் நாள் எப்போது என்பதே எதியோப்பிய வரலாறு இன்னும் விடையளிக்காத கேள்வி. நெல் விளைவிக்கும் எங்கள் உழவனையும் தேயிலை கொய்யும் மலையகத் தொழிலாளியையும் நினைந்து பார்த்தால், அக்கேள்வி எதியோப்பியாவுக்கு மட்டும் உரியதன்று என்பது புலப்படும்.